எட்டில் ஒரு பங்கு

"ஏலே எஸ்றா, வெளியே வா! மருந்துத் திருடா!"

மில்லர்புரத்தில் அவன் பட்டறை வாசலில் நின்று கத்தினேன். கூட வல்லநாட்டு இசக்கித்தாய். அவள் ஆடுகளைத் தூக்கும் சிறுத்தையை முந்தாநாள் சுட்டேன். நெஞ்சுக்குக் குறி வைத்தேன். அதன் காலடியில்தான் மண் தெறித்தது. முப்பது வருஷம் தப்பாத குறி. ஊரே சிரித்தது.

குறி என்னுடையது. தோட்டா எஸ்றா அடைத்தது. யுத்தத்தால் சீமைத் தோட்டா கப்பலில் வருவது நின்ற பிறகு, என் பெரிய ரைபிளில் சுட்ட பித்தளைக் கூடுகளுக்கே மறுபடி வெடிமருந்து அடைத்துத் தருகிறவன் அவன்.

எஸ்றா வந்தான். வலது கையில் மூன்று விரல்தான். போன சித்திரையில் பட்டறையில் தோட்டாவைச் சுட்டுப் பார்க்கும் சோதனைக் குழல் வெடித்து இரண்டு போயிற்று.

"இங்கன உக்காருங்க, அண்ணாச்சி."

"உக்கார வரல. தராசை எடு."

அவன் முன்னாலேயே ஒரு தோட்டாவின் குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டி நிறுத்தேன். சீமை அளவுக்கு எட்டில் ஒரு பங்கு குறைவு.

"பாத்தியாளா இசக்கித்தாய்? என் மருந்தை எடுத்து எவனுக்கோ விக்குதான்!"

"நாலு ஆடு போச்சே! ஒனக்கு அடுக்குமாய்யா?" என்றாள் அவள்.

எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுதி வாங்கிய மனுவை அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். "இது சப்-கலெக்டர் ஆபீசுக்குப் போகுது. உன் லைசென்ஸ் இன்னையோட சரி."

எஸ்றா உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான். சேமியாத் துண்டுகள்போல் முக்கால் டப்பா மருந்து.

"எல்லாம் உங்க மருந்துதான். ஒரு துண்டு வெளியே போகல."

"அப்ப ஏம்லே குறைச்ச?"

நான் சுட்ட கூடு ஒன்றைக் காட்டினான். அடியில் நெருப்புப் பற்றவைக்கும் கேப் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. கூட்டைச் சுற்றி மயிரிழைக் கீறல்.

"குறைச்சதுக்கே கூடு இந்தப் பாடு படுது. முழுசாப் போட்டா பின்னால தெறிச்சு உங்க முகத்துக்கு வரும். இன்னும் தோட்டாவ மாடி வெயில்லதான் காயப்போடுதீங்களா?"

"பின்னே? நீ அடைக்கது சீமைத் தோட்டாவா, நமக்காம இருக்க? கடக்காத்துக்கு ரெண்டே நாளுல நமத்துப் போகுது. தீபாவளி வெடியை வெயில்ல காயப்போடாதவன் இந்த ஊர்ல எவன்?"

"இது வெடி இல்ல, அண்ணாச்சி. சூடு ஏறினா இந்த மருந்து மூர்க்கமாயிரும். நாலு தடவ சொன்னேன். 'மூணு விரல்காரன் எனக்குப் பாடம் சொல்லுதான்'னீங்க."

"ஆமா, சொன்னேன்! இன்னும் சொல்லுவேன்! அளவு தெரியாம அடைச்சு விரலைப் போக்கினவன்தானே நீ? வெயிலாம், சூடாம்! போன சித்திரையில, நமத்த தோட்டாவைக் குடுத்துட்டேன்னு உங்கிட்ட சண்டைக்கு வந்தேன்லா? அதுவும் உச்சி வெயில்ல மாடித் தகரத்துலேருந்து அப்படியே அள்ளிட்டு வந்ததுதான். நமக்கலன்னு காட்டுதேன்னு நீயே வாங்கிக் குழல்ல போட்டு..."

நீட்டியிருந்த மனுவைக் கீழே இறக்கினேன்.

இசக்கித்தாய் அவன் கையையே பார்த்தாள்.

"அப்பவே உனக்குத் தெரியுமாலே?" என்றேன்.

எஸ்றா டப்பாவை மூடினான்.

"வாங்கும்போதே கை சுட்டுச்சு, அண்ணாச்சி. அது என்ன பண்ணும்னு வெடிச்ச பொறவுதான் எனக்கும் புரிஞ்சுது. போலீஸ்ல கேட்டப்ப என் கைத்தப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். இல்லேன்னா உங்க துப்பாக்கி லைசென்ஸ்லா போயிருக்கும்?"