பாலத்து நிறுத்தம்

"மாப்ள, பழைய பாலம் வந்துருச்சு. இங்கதானே ஆட்டுக்குட்டிக்கு அரை டிக்கெட் போதும்னு ஒருத்தர் உங்கிட்ட மல்லுக்கு நின்னாரு?"

டிரைவர் கேட்டதற்குக் கண்டக்டர் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கண்டக்டரின் மனைவிக்குத்தான் பொறுமை போயிற்று.

"அண்ணே, அடுத்த ஸ்டாப்புக்குப் போயிடுங்களேன். நேத்தும் இந்தப் பாலத்துலயே அரை மணி நேரம் நின்னீங்க."

"அதெப்படிம்மா? முப்பது வருஷம் இதே ஹைவேல ஒண்ணா ஓடியிருக்கோம். மாப்ள 'ரைட்' சொல்லாம ஒருநாளாவது வண்டிய எடுத்திருக்கேனா?"

"இன்னைக்கும் சொல்லலைன்னா?"

"நாளைக்குச் சொல்லட்டும். நமக்கென்ன அவசரம்?"

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"பார்க்கிற நேரம் முடிஞ்சிருச்சுங்க. பேஷண்ட் தூங்கணும்."

டிரைவர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு, மனசே இல்லாமல் எழுந்து கதவுவரை போனார்.

பக்கவாதம் வந்து மூன்று வாரமாக ஒரு வார்த்தை பேசாமல் கட்டிலில் கிடந்த கண்டக்டரின் உதடு அசைந்தது. மனைவி பதறிப்போய்க் குனிந்தாள். குரல் குழறினாலும், அதில் பழைய அதட்டல் அப்படியே இருந்தது.

"இரு மச்சான்... ஆளு ஏறுது."

டிரைவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். நர்ஸ் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.