மஞ்சள் வாத்து

அன்று மழை பெய்ததா என்று ஜெபசிங்கால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தகர டப்பா குலுங்கிய சத்தம் மட்டும் நினைவில் இருக்கிறது.

சட்டைப் பொத்தானைக் கண்டாலே அவனுக்குக் குமட்டும், கை நடுங்கும். பொத்தான் வைத்த சட்டை போட்டிருந்ததால் முதல் குழந்தையை அவன் தூக்கியதே இல்லை, அது இறந்தும்விட்டது. அடுத்ததையாவது தூக்கட்டும் என்று, ஆறு மாத வயிற்றோடு சுகிர்தாதான் கணவனை உளவியலாளர் நளினாவிடம் கூட்டிவந்தாள். நளினா அவனுக்கென்றே படிகள் வகுத்தாள். முதலில் அந்தச் சொல், பிறகு படம், பிறகு கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு பொத்தான். கடைசிப் படிக்கான, பொத்தான்கள் நிறைந்த தகர டப்பா சுகிர்தா கொண்டுவந்தது. கல்யாணமானதிலிருந்து அவன் சட்டைகளில் பொத்தான்களை வெட்டிவிட்டு நாடா தைத்தவள் அவள்.

“உள்ள கை விடுங்க சார். பயம் ஏறும், தானா இறங்கும். அதுவரைக்கும் வெளிய எடுத்துராதீங்க,” என்றாள் நளினா.

ஏறியது. வெகுநேரம் கழித்து இறங்கியது. விரல்களில் மஞ்சள் வாத்து வடிவத்தில் ஒரு சின்னஞ்சிறு பொத்தான் வந்தது.

“இது என் சட்டையோடது இல்லையே?”

“பிள்ளையோடது,” என்றாள் சுகிர்தா. “சவப்பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி ஒருதரமாவது தூக்குவீங்கன்னு வெட்டுனேன். வெட்டிட்டேன், வாங்கன்னு கூப்பிட்டேன். வாசல்லயே நின்னுட்டீங்க.”

அவன் கையையே சுகிர்தா பார்த்தாள். அது நடுங்கவில்லை.

“இம்புட்டுத்தானா?” என்றாள். “ரெண்டு மாச சிகிச்சையில பயம் போயிருச்சே.”

சிகிச்சை முடிந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு போன சுகிர்தா திரும்பவில்லை. மகள் அங்கே வளர்கிறாள். ஜெபசிங் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில் வேலைக்குப் போய்வருகிறான்.