கருப்பிக்கு வந்த ஆத்தா

அநியாயம் நடந்தது காசிமாயனுக்குத்தான். கீழக்குயில்குடி முழுக்க அப்படித்தான் பேசியது. மகள் முத்துத்தாய்க்குப் பரிசம் போட மேற்கேயிருந்து வண்டி கட்டி வந்த சம்பந்தக்காரர்கள், அவர் வீட்டு வாசலோடு திரும்பிப் போய்விட்டார்கள். காரணம், ஒரு கோழி. அதுவும் சீக்குக் கோழி.

செய்தவள் அவருடைய இரண்டாம் தாரம் ஒச்சம்மாள். போதாதா ஊருக்கு?

“பெத்தவ இருந்தா இப்படிச் செய்வாளா?”

“மூத்தா மகளைவிடக் கோழி ஒசத்தியாப் போச்சு அவளுக்கு!”

மாப்பிள்ளை விருமாண்டிக்கு நாற்பது தாண்டிவிட்டது, முதல் தாரத்துப் பிள்ளைகளே முத்துத்தாய் தோளுக்கு நிற்பார்கள் என்பதை மட்டும் யாரும் அநியாயத்தில் சேர்க்கவில்லை. கேட்டிருந்தால், “கிணத்தடித் தோட்டம் இருக்குல்ல!” என்று பதில் வந்திருக்கும். தோட்டத்துக்கா வாக்கப்படப் போகிறாள்?

முத்துத்தாயிடமும் யாரும் கேட்கவில்லை. மதுரைக்குப் போய் வாத்தியாரம்மா படிப்புப் படிக்க ஆசைப்பட்டிருந்தவள், பேச்சு முடிந்த அன்று சின்னாத்தாவின் முகத்தைத்தான் பார்த்தாள். (ஆத்தா என்று அவள் கூப்பிட்டதில்லை. ஒச்சம்மாளும் கூப்பிடச் சொன்னதில்லை.) ஒரு வார்த்தை பேசமாட்டாளா?

ஒச்சம்மாள் மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்து எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவள் வளர்க்கிற கோழி கருப்பிக்கு அம்மை. கண் இரண்டும் பொருக்குக் கட்டி மூடிக் கிடந்தது.

‘நானும் கோழியாப் பெறந்திருக்கலாம்’ என்று நினைத்துக்கொண்டாள் முத்துத்தாய்.

அன்றிலிருந்து கருப்பியை மடியில் வைத்துக்கொள்வது அவள் வேலையாயிற்று. சின்னாத்தா இறகால் மருந்தைத் தொட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள். இவள் கூட்டடியில் உட்கார்ந்து அலகைப் பிரித்துக் கம்பங்கூழ் ஊட்டிக்கொண்டே, கண் தெரியாத அந்த ஜீவனிடம் குசுகுசுவென்று என்னவோ பேசிக்கொண்டிருப்பாள்.

பரிசத்தன்று, காசிமாயன் பெரியவர்களை அழைக்கப் போயிருந்த நேரம் பார்த்து வண்டி வந்து நின்றது. தாம்பாளத்தோடு இறங்கிய விருமாண்டியின் அக்கா, வாசல் நிலையின் இரண்டு பக்கமும் அப்போதுதான் கொத்துக் கொத்தாய்ச் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டில் அம்மை கண்டிருந்தால் அதன் பேரைச் சொல்வார்களா யாராவது?

“என்ன மதினி, வீட்டுல ஆத்தா வந்திருக்காளா?”

ஒச்சம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். “ஆமா மதினி. ஆத்தா உள்ளதான் இருக்கா.”

தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வண்டி திரும்பிவிட்டது. காசிமாயன் வந்து சேர்ந்தபோது தெருவில் புழுதிதான் இருந்தது.

“யாருக்குடி அம்மை? வீட்டுல எல்லாருக்குந்தான் அம்மை குத்தியாச்சே!”

“கருப்பிக்குக் குத்தலையே.”

“கோழிக்கா வாசல்ல வேப்பிலை கட்டுன?”

“கோழிக்கு வந்தாலும் ஆத்தா ஆத்தாதான? யாருக்குன்னு அவுக கேக்கல. நானும் சொல்லல.”

கோழிக் கதை ராத்திரியே மேற்கே எட்டி, மறுநாள் காலையிலேயே அங்கிருந்து ஆள் வந்துவிட்டது. கோழிக்கு வேப்பிலை கட்டுகிற கிறுக்கு வீட்டில் பெண் எடுத்தால் ஊர் சிரிக்குமாம். இந்தச் சம்பந்தமே வேண்டாமாம். காசிமாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்தவனைக் கெஞ்சியபடியே தெருமுனை வரைக்கும் போனார்.

முத்துத்தாய்க்கு நெஞ்சு லேசாகிவிட்டது. லேசானதற்காக வெட்கமாகவும் இருந்தது. நன்றி சொல்வதென்றால் கருப்பிக்குத்தான் சொல்ல வேண்டும் என்று கொல்லைக்கு ஓடினாள்.

கருப்பி குப்பைமேட்டில் நின்று, பக்கத்து வீட்டுச் சேவலை விரட்டிக்கொண்டிருந்தது.

நேற்றைய களேபரத்தில் தோன்றாதது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கருப்பி தேறி, போன வாரமே குப்பை கிளற ஆரம்பித்துவிட்டதே! கண் மூடிக் கிடந்த நாளிலெல்லாம் வாசலில் ஒரு இலைகூட இல்லையே!

ஒச்சம்மாள் கோழிக்கூட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“சின்னாத்தா, கருப்பிக்குத்தான் நல்லாயிருச்சே?”

“ஆயிருச்சு.”

“அப்ப நேத்து எதுக்கு வேப்பிலை?”

ஒச்சம்மாள் நிமிரவில்லை. “ஒனக்குத்தான் அந்த மாப்பிள்ளையப் பிடிக்கலேல்ல.”

“நான் யாருகிட்டயும் சொல்லலையே!”

“கருப்பிகிட்டச் சொன்னேல்ல? அது வாய் சும்மா இருக்குமா? எங்கிட்ட வந்து அம்புட்டையும் கொட்டிருச்சு.”

கூட்டை ஒட்டினாற்போல் குட்டைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம்தான் சின்னாத்தா மருந்து அரைக்கிற அம்மி. முத்துத்தாய் அதை எட்டிப் பார்த்தாள்.

“எங்கய்யாகிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்ல? ஊரே ஒன்னைய ஏசுதே!”

“நான் சொன்னா கேக்குற ஆளா ஒங்கய்யா? ஆத்தா சொன்னாத்தான் கேப்பாக. ஏசுனா ஏசிட்டுப் போகட்டும். கூழு வச்சிருக்கேன், போய்க் குடி.”

அதற்குள் காசிமாயன் வந்துவிட்டார். தெருமுனையில் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் கொல்லைக்குக் கொண்டு வந்திருந்தார்.

“ஆத்தா இருக்கா, ஆத்தா இருக்கான்னு சொல்லியே என் மானத்தை வாங்கிட்டியேடி! எங்க இருக்கா ஆத்தா? இந்த வீட்டுல எங்கடி இருக்கா ஆத்தா? காட்டு பாப்பம்!”

ஒச்சம்மாள் பாட்டுக்குக் கூட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

முத்துத்தாய் நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தா நிக்குதே அய்யா, எங்க ஆத்தா.”