ஃபேன் இல்லாத பெட்டி

டிவியோடு மாட்டிப் படம் பார்க்க, ஹாலுக்குச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போனேன். கடைக்காரர் வேகம், மெமரி என்று ஏதேதோ அடுக்கினார். "சத்தம் வரக்கூடாது. அது போதும்," என்றேன்.

பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஃபேன் கரகரவென்று ஓடும். என் வீட்டுக்காரர் மத்தியானம் சோபாவில் படுத்துக் குறட்டை விடுவார். தட்டினால், "நானா? பெட்டிதான் கத்துது," என்று அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் புரண்டு படுப்பார். ஏழு வருஷமாக இதே வழக்கு. அவர் போய் நாலு மாதம் ஆகிறது. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். "இதுல ஃபேனே கிடையாதும்மா. சத்தம் வர வழியே இல்ல."

மகள் வந்து மாட்டிக் கொடுத்தாள். பழையதைக் கையோடு எடுத்துப் போய்விட்டாள். நான் ஒரு படத்தைப் போட்டுவிட்டுத் துணி மடித்தேன். மூன்று மணிக்குக் கரகர சத்தம் ஆரம்பித்தது.

டிவியை அணைத்தேன். பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். அது கல் மாதிரி இருந்தது. சத்தம் நிற்கவில்லை.

பெட்டியைச் சோபாவின் பக்கம் நீட்டினேன்.

"நல்லாப் பாருங்க. இதுல ஃபேனே இல்ல."

சத்தம் நின்றது. ஸ்பிரிங் ஒன்று கிறீச்சிட்டது. சோபா மெத்தையில் இருந்த பள்ளம் மெதுவாகச் சுவர்ப் பக்கம் நகர்ந்தது.