சேற்றில் நின்ற பூட்ஸ்

இங்கிலாந்தில் எப்போதோ நடந்த சண்டை அது. ராஜா வெட்டுப்பட்டு விழுந்ததும் அவர் மகுடம் உருண்டுபோய் ஒரு முட்புதரில் சிக்கிக்கொண்டது. காலிலிருந்து கழன்ற பூட்ஸ் ஒன்று பக்கத்திலேயே சேற்றில் புதைந்து நின்றது.

புதரில் வந்து உட்கார்ந்த காகம் கேட்டது: "உங்க ராஜா எப்படி? நல்லவரா?"

"ஒரு பக்கமா கொஞ்சம் சாய்ஞ்சு நடப்பார்," என்றது பூட்ஸ். "கோபம் வந்தா தரையை உதைப்பார், வலி எனக்குத்தான். ஆனா இன்னைக்குக் குதிரை விழுந்ததும், ஓடிடுங்கன்னு எல்லாரும் கத்தினாங்க. அவர் ஓடலை."

"நீ என்னப்பா சொல்றே?" என்று காகம் மகுடத்தைக் கேட்டது.

"அவசரப்படாதே. முதல்ல யார் ஜெயிச்சதுன்னு பார்த்துட்டு வா."

காகம் ஒரு வட்டமடித்துவிட்டுத் திரும்பியது. "எதிராளிதான். உன்னைத்தான் தேடிக்கிட்டு வர்றாங்க."

மகுடம் தொண்டையைச் செருமிக்கொண்டது. "கொடுங்கோலன்! முதுகில இவ்வளவு பெரிய கூன். சண்டைன்னதும் முதல் ஆளா திரும்பி ஓடினான். தலைமேலேயே உட்கார்ந்திருந்தவன் சொல்றேன், நம்பு."

காகம் குனிந்து சேற்றைப் பார்த்தது. பூட்ஸின் முனை எதிரிப் படை வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குள் ஒரு வீரன் ஓடிவந்து மகுடத்தை எடுத்துத் துடைத்தான். புது ராஜாவின் கூடாரத்தை நோக்கி நாலடி போயிருப்பான். அவன் கையில் பளபளத்துக்கொண்டிருந்த மகுடம் திரும்பிப் பார்த்துக் கத்தியது:

"யாராவது அந்த பூட்ஸைத் திருப்பி வைங்கப்பா!"