குறுக்கே போகாத காற்று

மழை விட்ட மத்தியானம். மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கின் மேல்மாடியில் ஸாதனா கணினி முன் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கிடங்குக்கு வரப்போகும் இஞ்சி உலர்த்தும் இயந்திரத்தில் காற்று எப்படி ஓடும் என்று திரையில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. உள்ளே தேன்கூடு போல் துளைகள் நிறைந்த ஒரு பலகை இருக்கிறது. காற்று அதில் நேராக மட்டுமே போகவேண்டும். திரையிலோ அது பக்கவாட்டில் பரவிக்கொண்டே இருக்கிறது. இப்படியே போனால் பின்தட்டில் இருக்கும் இஞ்சி காயாமல் பூசணம் பூத்துவிடும். கணக்கில் பலகையின் எல்லாத் திசைக்கும் ஒரே தடையைக் கொடுத்திருப்பது இப்போதுதான் அவள் கண்ணில் படுகிறது. நேர்த்திசைக்குத் தடையைக் குறைத்து, குறுக்கே உள்ள இரண்டு திசைகளுக்கும் ஆயிரம் மடங்கு கூட்டி, மறுபடி ஓடவிடுகிறாள். நீலக் கோடுகள் மெல்ல நிமிர்கின்றன. ஜன்னல் வெளிச்சம் அவற்றின்மேல் ஈரமாகக் கிடக்கிறது.

"சரியாயிடுத்து," என்கிறாள் வாய்விட்டு. பக்கத்து நாற்காலி காலி. அதில் உட்கார்ந்து கூடவே வேலை பார்த்த கணவன் சுதீர் போன மாசம் பிரிந்து புனேவுக்குப் போய்விட்டான். கை தானாகப் போனை எடுத்து அவனைக் கூப்பிடுகிறது.

"சுதீர், காத்து நேரா போறது. குறுக்குத் தடைதான் தப்பா இருந்தது."

"நன்னாயிருக்கு." அவனுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். "ஸாதனா, இனிமே வேலை விஷயம்னா மெயில் அனுப்பினா மதி, போன் வேண்டாம்."

"சரி."

போனை வைத்துவிட்டு, நேரான கோடுகளின் படத்தை ஒரு மெயிலில் சேர்க்கிறாள். நடந்ததையெல்லாம் விவரமாக எழுதுகிறாள். பெறுபவர் இடத்தில் தன் முகவரியையே போட்டு அனுப்புகிறாள். புது மெயில் வந்திருப்பதாகக் கணினி மணியடிக்கிறது. திறந்து, முதல் வரியிலிருந்து நிதானமாக வாசிக்கிறாள்.