கசக்காத மாத்திரை

டாக்டர் உறையைப் பிரித்தார். ஒரே நோய்க்கு அண்ணனும் தம்பியும் ஆறு மாதம் அவருடைய ஆய்வில் இருந்தார்கள். ஒருவருக்குப் புது மருந்து, மற்றவருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று இதுவரை டாக்டருக்கே தெரியாது.

"மருந்து அண்ணன் உங்களுக்கு, மாவு தம்பிக்கு! ஆனா தம்பி தேறிட்டார், நீங்கதான் தேய்ஞ்சுட்டே போறீங்க. எல்லாருக்கும் இப்படின்னா, இந்த மருந்தை யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது."

சக்கர நாற்காலியில் இருந்த அண்ணன் நிமிர்ந்தார்; பின்னால் தம்பி நின்றிருந்தான். 'நீங்க எதுக்குண்ணே அலையணும்?' என்று உருகி, மாதாமாதம் இருவருடைய மாத்திரை டப்பாவையும் வாங்கி வந்தவன் தம்பிதான்.

"முதல் மாசம் வாயில வைக்க முடியாத கசப்பு, டாக்டர். இவன்கிட்ட சொல்லிப் புலம்பினேன்."

"அப்புறம்?"

அண்ணன் திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து கசக்கவே இல்ல."